படிக்கப் போன நாட்டில் நைட் ஷிஃப்ட்

"ஜெர்மனியில காலேஜ் பீஸே கிடையாதாமே, உண்மையா சார்?"

ஆரம்பாக்கத்தில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கும் ஊர் இது. ஊரை ஒட்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலை. கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, வடக்கே தடாவைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அப்பா உருட்டாலையிலோ ஃபவுண்டரியிலோ ஷிஃப்ட் பார்த்து, பிள்ளையைக் கவரைப்பேட்டைப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்க வைத்திருப்பார். அமெரிக்கா என்றால் அந்த வீட்டில் பேச்சே எழாது. ஜெர்மனி என்றால் எழுகிறது. காரணம் அந்த ஒரு வரி: பீஸ் கிடையாது.

அது உண்மைதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். விலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. தனியார் கல்லூரிகள் வேறு உலகம். ஏஜென்ட்டுகள் அதிகம் விற்பது அவற்றைத்தான்.

ஆனால் பீஸ் இல்லை என்பதோடு கணக்கை மூடிவிடுகிறோம். பிள்ளை அங்கே எதைத் தின்பான், எங்கே படுப்பான், அதற்கு எத்தனை மணி நேரம் எந்தக் கிடங்கில் நிற்பான் என்பதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. ஜெர்மனிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே முதலில் தொழிலாளி ஆகிறார்கள். இன்ஜினீயர் ஆவது அதற்குப் பிறகுதான். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கிளம்பும் முன்பே 12 லட்சம்

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலும் பட்டமும் உண்மையானவைதானா என்று ஜெர்மன் தூதரகத்தின் கல்விப் பிரிவு சரிபார்த்துத் தரும் தாள் அது. கட்டணம் 18,000 ரூபாய். பிறகு ப்ளாக்டு அக்கவுண்ட். ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அங்குள்ள கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட இந்த நாளில், 12 லட்சத்துக்குக் குறையாது.

போய்ச் சேர்ந்தபின் அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். இங்கேதான் ஒரு மயக்கம் தொற்றுகிறது. மாதாமாதம் வருவதால் அது ஏதோ உதவித்தொகை போலத் தோன்றுகிறது. அது அப்பாவின் பி.எஃப். பணம், அம்மாவின் நகை, அல்லது வங்கிக் கடன். பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். எம்.எஸ். படிப்போ பெரும்பாலும் இரண்டு வருடம். இரண்டரை, மூன்று ஆவதும் சாதாரணம். அடுத்த வருடத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கும்போது, சாப்பிட வழி இருக்கிறதா என்று வெளிநாட்டவர் அலுவலகம் திரும்பவும் கேட்கும். அப்போது பலர் காட்டுவது சம்பளச் சீட்டு.

இவ்வளவுக்கும் பிறகு ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீனர்களைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டே 49 ஆயிரத்தைத் தாண்டிப் போனார்கள். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், ஸீகன், டெக்கன்டார்ஃப் போன்ற, நம் அப்பாக்கள் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள். வாடகையும் ஒரு காரணம். மியூனிக்கில் ஓர் அறைக்கு 700 யூரோவுக்கு மேல் கேட்பார்கள்; கெம்னிட்ஸில் 300 யூரோ அளவில் தேடிப் பிடிக்கலாம்.

சட்டம் தரும் நேரம்

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஓர் ஆண்டில் 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். அதற்கு முன் 120, 240 என்று இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே பேராசிரியருக்கு உதவியாகப் பார்க்கும் வேலை இந்தக் கணக்கில் சேராது. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் என்பது எல்லை. அதைத் தாண்டினால் மாணவர் என்ற தகுதிக்கான காப்பீட்டுச் சலுகையே போய்விடும்.

2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கும் சிறு வேலையை மினிஜாப் என்கிறார்கள். வாரம் பத்து மணி நேரம் நின்றால் அந்தத் தொகை வந்துவிடும். வாரம் இருபது மணி நேரமும் தவறாமல் கிடைத்தால் மாதம் 1,200 யூரோ. ஓய்வூதியப் பிடித்தம் போக ஆயிரத்துச் சொச்சம் நிற்கும். வாடகை, 140 யூரோவுக்கு மேல் போகும் மருத்துவக் காப்பீடு, மளிகை, போன், செமஸ்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் அது சரியாக இருக்கும். வயிற்றுக்குப் போதும், ஊரில் ஏறும் வட்டிக்குப் போதாது. "அங்க போய்ப் பார்ட் டைம் பார்த்து லோனை அடைச்சிடுவான்" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்த வரவு, செலவு இரண்டையும் தாளில் எழுதி அவர்கள் முன் வையுங்கள்.

அதுவும் வேலை கிடைத்த பிறகான கணக்கு. முதல் மூன்று நான்கு மாதம் எதுவும் கிடைக்காமல் போவது வெகு சாதாரணம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கடையும் சமையல்கூடமும் கிடங்கும் ஜெர்மனில் நடக்கும். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை மட்டும் முடித்துவிட்டு விமானம் ஏறுபவருக்கு "இந்தப் பெட்டியை அங்கே வை" என்பது புரியும். பாதுகாப்பு விதிகளை விளக்கும் அரை மணி நேரப் பேச்சு புரியாது.

ஒரு வாரம்

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தத் தாலுகாவின் எந்தத் தெருவிலும் அவன் வீடு இருக்கலாம். கிழக்கு ஜெர்மனியில் ஓர் ஊர், டிசம்பர் மாதம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. சமையலறையையும் குளியலறையையும் மூன்று பேரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அவனுக்கு ஓர் அறை. யார் எந்த வாரம் பாத்ரூம் கழுவ வேண்டும் என்று ஃப்ரிட்ஜின் மேல் அட்டவணை ஒட்டியிருக்கிறது. இரவு பத்துக்கு மேல் மிக்ஸி ஓட்டக்கூடாது. காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் பொதிக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. பாட்டிலை அவற்றில் எதிலும் போடாமல் சேர்த்துவைத்துக் கடை இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் வரை.

வெள்ளி, சனி இரவுகளில் அவனுக்குக் கிடங்கு வேலை. ஊருக்கு வெளியே, பஸ் நிற்கும் கடைசி இடத்திலிருந்தும் நடக்க வேண்டும். அவனைச் சேர்த்தது கிடங்கின் சொந்தக்காரர் அல்ல. தொழிலாளர்களை வேலைக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். அதாவது கான்ட்ராக்ட். சிப்காட்டில் அப்பாவுக்கு மேல் இருக்கும் கான்ட்ராக்டரை சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். இரும்புப் பூண் போட்ட ஷூ, ஒளிரும் மேலாடை, கையில் ஸ்கேனர். எத்தனை பெட்டி எடுத்தான் என்று அந்த ஸ்கேனரே எண்ணிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே வருவான். அவன் வெளியே வரும்போது ஆரம்பாக்கத்தில் காலை பத்தரை. அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில் இருப்பார்.

ஞாயிறன்று கடைகள் கிடையாது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை, பெட்ரோல் பங்க், பேக்கரி போன்றவைதான் திறந்திருக்கும். சனிக்கிழமை அரிசி வாங்க மறந்தவன் ஞாயிறு பிரெட் தின்பான். திங்கள் காலை வகுப்பு.

இந்த வாழ்க்கையின் உண்மையான விலை தேர்வு அறையில்தான் தெரியும். பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் எழுத முடியாது. பல இடங்களில் மூன்று தடவை. மூன்றாவது முறையும் போய்விட்டால் அந்தப் படிப்பிலிருந்தே பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடரவும் முடியாது. இங்கே அரியர் வைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது உறைப்பதில்லை. இங்கே அரியர் எப்படியாவது கழன்றுவிடும். அங்கே இருபது வயதுகளின் நடுவில், 15 லட்சம் கடனோடு, விசாவும் இல்லாமல் நிற்க நேரும். தேர்வு வாரத்தில் "ஆள் இல்லை, வந்துடு" என்று சூப்பர்வைசர் போன் செய்தால் முடியாது என்று சொல்லும் தைரியம், முதல் வருடத்துக்கான பணம் கையில் இருந்தால்தான் வரும்.

சம்பளச் சீட்டில் இருக்கும் உரிமை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான்.

ஜெர்மனியில் மினிஜாப் பார்க்கும் மாணவரும் தொழிலாளிதான். சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வருடத்துக்கு நான்கு வாரம் என்பது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு, வாரத்தில் எத்தனை நாள் வேலையோ அந்த விகிதத்தில் நாட்கள் வரும். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆனபின் காய்ச்சலில் படுத்தால், ஆறு வாரம் வரை சம்பளம் தர வேண்டும். டாக்டர் தாள் மட்டும் தேவை. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்கப் பதினோரு மணி நேர இடைவெளி வேண்டும். இரவு வேலை பார்ப்பவருக்குக் கூடுதல் தொகையோ கூடுதல் ஓய்வோ தர வேண்டும். சம்பளம் தராவிட்டால் வக்கீல் இல்லாமலே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த தொழிலாளர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஃபேர் இன்டக்ரேஷன் என்ற அமைப்புக்கு நாடு முழுவதும் அலுவலகங்கள் உள்ளன.

பல பிள்ளைகள் இவை எதையும் அறியாமல், சுரத்தோடு வேலைக்குப் போகிறார்கள். "லீவு போட்டா அடுத்த வாரம் கூப்பிட மாட்டான் அண்ணா" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பயம் கற்பனையில் முளைத்ததல்ல. இங்கே கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இன்னொரு பொறி சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகும் வேலையில் இருக்கிறது. நேரடியாகத் தொழிலாளியாகச் சேர்த்தால் சிக்கல் இல்லை. "நீயே தனித் தொழில் செய்பவன் என்று பதிந்துகொள், இன்னொருவர் கணக்கில் ஓட்டு" என்று யாராவது சொன்னால் உடனே விலக வேண்டும். மாணவர் அனுமதியில் பொதுவாகச் சொந்தத் தொழிலுக்கு இடமில்லை. கையில் தருகிறேன், கணக்கில் வேண்டாம் என்பதும் அப்படித்தான்; மாட்டினால் விசாவை இழப்பது மாணவன்தான், கடைக்காரர் அல்ல.

வீட்டுக்குச் சொல்லாத வேலை

ஆரம்பாக்கத்தில் இரவு பத்து மணி ஆகும்போது குளிர்கால ஜெர்மனியில் மாலை ஐந்தரை. வீட்டு போன் வரும் நேரம்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன்மா."

"என்ன வேலைடா பார்க்கிற?"

"கம்பெனிலதாம்மா. லாஜிஸ்டிக்ஸ்."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பாத்திரம் கழுவுவதையும் பெட்டி தூக்குவதையும் பிள்ளைகள் வீட்டில் மறைக்கிறார்கள். தெருவில் அம்மா தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். இதைப் பெற்றோர்தான் உடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உருக்கிய இரும்புக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று வளர்த்த ஒரு தகப்பனுக்கு, மகன் பெட்டி தூக்குகிறான் என்பது அவமானமாக இருக்க முடியாது. "என்ன வெயிட் தூக்கற? முதுகைப் பார்த்துக்கோ. ஷூ சரியா இருக்கா?" என்று கேட்கத் தெரிந்தவர் அவர். மறைக்க வேண்டிய அவசியம் இல்லாத பிள்ளை, தேர்வில் தவறினாலும் மறைக்க மாட்டான். மறைத்து மறைத்துத் தனியாகிவிடுபவர்களை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. 1980-களில் போர் துரத்த ஜெர்மனிக்குப் போன ஈழத்தமிழர்கள் அகதி விடுதிகளிலும் உணவகச் சமையலறைகளிலும் தொடங்கி, இன்று ஊன்றி நிற்கிறார்கள். ஹாம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் 2002-ல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் கட்டியது. கோடையில் அங்கே தேர் ஓடும்போது ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தில் நம் மாணவர்களும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமை அறிந்த பிள்ளைகளுக்கு அந்த மனிதர்களின் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருடத்துக்கு முன் ஒரே போரில் வீடு இழந்தவர்களில் சிலர் ஹாமில் தேர் இழுக்கிறார்கள், சிலர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் கிடைக்காமல் முகாமில் இருக்கிறார்கள். இதை எழுதாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சிப்காட் வாசலில் கொஞ்சம் இந்தி என்று வளர்ந்தவர்கள் இவர்கள். தப்பாகப் பேசினாலும் பேசிவிட வேண்டும் என்பது இவர்களுக்குப் பழக்கம். ஜெர்மன் கற்க அதைவிட நல்ல முதலீடு இல்லை. ஜெர்மன் வகுப்புக்காக நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனுக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போய்வருவது அலைச்சல்தான். ஆனாலும் கிளம்பும் முன் பி1 முடித்தவருக்கும் ஏ1-ல் நின்றவருக்கும் அங்கே இரண்டு வேறு வாழ்க்கை. முதலாமவர் கடைக் கல்லாவிலும், பிறகு தன் துறை சார்ந்த நிறுவனத்தில் வெர்க்ஸ்டுடென்ட் என்ற மாணவப் பணியிலும் சேர்கிறார். மற்றவர் இரண்டு வருடமும் கிடங்கிலேயே நிற்கிறார்.

பட்டம் வாங்கிய பிறகு

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி உண்டு. 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் தொழிலாளர் விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில், 2030-க்குள் 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகனும் தொழிற்சங்கமும் ஒப்பந்தம் செய்தன. இசட்.எஃப்., போஷ் போன்ற உதிரிபாக நிறுவனங்களும் ஆயிரக்கணக்கில் ஆள் குறைப்பை அறிவித்தன. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் என்று கிளம்பும் நம் பிள்ளைகள் கனவு காண்பது இந்த நிறுவனங்களைத்தான். ஆள் தேவை குறையாமல் இருப்பது செவிலியர் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் மின்பணியிலும். அந்தப் பாதைக்கு எம்.எஸ். வேண்டாம்; நர்சிங் முடித்தவர்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஜெர்மன் மொழிப் பயிற்சியோடு வழி காட்டுகிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இதையும் யோசிக்கலாம்.

இன்னொன்றும் இந்த ஊரில் நின்று பேசும்போது சொல்லியாக வேண்டும். சென்ட்ரலிலிருந்து வரும் ரயிலில் கும்மிடிப்பூண்டியில் தோள்பையோடு இறங்கும் ஒடிசா, பிகார் இளைஞர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஓர் அறையில் எட்டுப் பேர், கான்ட்ராக்டர் தரும் ஷிஃப்ட், வீட்டுக்கு இரவில் ஒரு போன். அவர்களிடம் வாடகை வாங்குபவர்கள் நாம். கடையில் அவர்களுக்கு அரிசி நிறுப்பவர்கள் நாம். மாநிலம் விட்டு வரும் தொழிலாளர்களுக்கென 1979-லேயே தனிச் சட்டம் போட்ட நாடு இது; ஆனால் கையில் சம்பளச் சீட்டு இல்லாத எத்தனையோ பேர் இன்னும் இங்கே உலையின் முன் நிற்கிறார்கள். நம் பிள்ளைக்குக் கெம்னிட்ஸில் சளிக்காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு, கை நசுங்கிய ஒடிசாப் பையனுக்கு இங்கே என்ன கிடைக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும். அவனுடைய அம்மாவும் போனில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காகக் கல்லூரிகள் செய்யக்கூடியது நிறைய. வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிக்கு ஏஜென்ட்டை அழைக்கும் அதே அரங்கில், அங்கே இரண்டு வருடம் கிடங்கில் நின்று படித்து முடித்த பழைய மாணவர் ஒருவரைப் பேச வைக்கலாம். மூன்றாம் ஆண்டிலேயே ஜெர்மன் வகுப்பு தொடங்கலாம். கடன் தரும் வங்கி மேலாளர், முதல் ஆண்டுச் செலவுக்கு மேல் ஆறு மாதத்துக்கான கையிருப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். பட்டியலினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருப்பதை ஆரம்பாக்கம், எளாவூர் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம்; அதைக் கேள்விப்படாமலே வட்டிக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். ஏ.பி.எஸ்., சேர்க்கைக் கடிதம், ப்ளாக்டு அக்கவுண்ட், விசா என்று எல்லாம் வரிசையாக நடக்க முந்தைய ஆண்டே வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்த வருடம் கிளம்பும் எண்ணம் இருக்கும் வீட்டில், கண்காட்சிக்குப் போகும் முன் அப்பாவும் பிள்ளையும் ஒருநாள் இரவு தாளும் பேனாவுமாக உட்கார வேண்டும். கடன் எவ்வளவு, வட்டி மாதம் எவ்வளவு, வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் சேர்க்காமல் வருமானம் எவ்வளவு என்று மூன்று வரி. ஷிஃப்ட் கணக்குப் போட அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.